சாயம் போன தண்ணீர் சுத்தமான தண்ணீரா? பிடிவாதமான கழிவை உடைக்கும் ஆக்சிஜனேற்ற முறைகள்

பருத்தித் துணியை ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுக்கிற பட்டறைகளில் ஒரு விஷயத்தில் ரொம்பவே கவனமாக இருப்பார்கள்: துணியிலும் தண்ணீரிலும் இரும்புத் துரு இருக்கக் கூடாது. இருந்தால் துரு பட்ட இடத்தில் மட்டும் இழை நைந்து, துணியில் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழும். மற்ற இடமெல்லாம் அதே பெராக்சைடு, அதே சூடு, அதே நேரம், ஆனால் துணி பளிச்சென்று வெளுத்து நன்றாகவே இருக்கும். பருத்தி இழையையே அறுத்துப் போடும் அளவுக்கு அந்தத் துருப் புள்ளியில் என்ன நடக்கிறது என்பது புரிந்துவிட்டால், இந்தக் கட்டுரையில் பாதி புரிந்த மாதிரி. ஏனென்றால் துணியில் நடக்கவே கூடாத அதே வினையை ஒரு தொட்டிக்குள் வேண்டுமென்றே நடத்தித்தான், வேறு எதற்கும் அசையாத கழிவை உடைக்கிறார்கள்.

முதலில், 'அசையாத கழிவு' என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். வீட்டுச் சாக்கடை நீரில் இருக்கும் அழுக்கில் பெரும்பகுதி பாக்டீரியாவுக்கு உணவுதான். காற்றை ஊதிக் கொடுத்தால் அவை தின்று தீர்த்துவிடும், அதிகச் செலவில்லாத, நல்ல வழி. ஆனால் துணிச் சாயம் அப்படிப்பட்ட பொருள் இல்லை. வெயிலில் மங்காமல், வியர்வையில் கரையாமல், எத்தனை துவைத்தாலும் போகாமல் இருக்க வேண்டும் என்றே திட்டமிட்டுச் செய்த மூலக்கூறு அது. துணியில் எது அதன் பலமோ, கழிவுநீரில் அதுவேதான் தொல்லை. பருத்திக்குப் போடும், இழையோடு வினைபுரிந்து ஒட்டிக்கொள்கிற ரியாக்டிவ் சாயங்களில் போட்டது முழுவதும் துணியில் ஏறுவதில்லை, ஒரு பகுதி தண்ணீரோடு வினைபுரிந்து பயனற்றுப் போய்க் கழிவில் கலக்கிறது, சில சாயங்களில் இது கணிசமான பங்கு. பூச்சிமருந்துகள், வலி மாத்திரைகளில் இருக்கும் டைக்ளோஃபெனாக், வலிப்பு நோய்க்குத் தரும் கார்பமாசெபைன், கரைப்பான்களில் வரும் டையாக்சேன் போன்றவையும் இந்த வகைதான். பாக்டீரியா அவற்றைத் தொடாது, அல்லது அரைகுறையாகத் தொட்டுவிட்டு விட்டுவிடும்.

அப்படியானால் வடிகட்டி எடுத்துவிட்டால் என்ன? எடுக்கலாம், எடுக்கிறார்கள். படிகாரமோ ஃபெரிக் குளோரைடோ போட்டால் சாயத்தில் ஒரு பங்கு கசடாக அடியில் தங்கும். ஆக்டிவேட்டட் கார்பன் எனப்படும் கரித்தூள் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஆர்.ஓ. சவ்வு நல்ல தண்ணீரை ஒரு பக்கம் விட்டு, மீதியைக் கெட்டிக் கழிவாக இன்னொரு பக்கம் தள்ளும். இந்த மூன்றும் நம் வாசலைக் கூட்டிக் குப்பையை அடுத்த வீட்டு வாசலில் ஒதுக்குகிற வேலைதான். தண்ணீரில் இருந்தது கசடுக்கோ கரிக்கோ ஆர்.ஓ. ரிஜெக்டுக்கோ இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. மூலக்கூறு இன்னும் முழுதாக இருக்கிறது. அதை உடைத்து இல்லாமல் ஆக்க வேண்டுமென்றால் ஒன்று எரிக்க வேண்டும், அல்லது தண்ணீருக்குள்ளேயே ஆக்சிஜனேற்றம் செய்ய வேண்டும். தண்ணீரை எரிக்க முடியாது என்பதால் இரண்டாவது வழி.

எல்லாவற்றையும் தாக்கும் ஒரு துகள்

ஆக்சிஜனேற்றம் என்பது, எளிமையாகச் சொன்னால், ஒரு பொருளிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்குவது. எலக்ட்ரானை இழந்த பிணைப்பு பலவீனமாகி உடைகிறது. பிடுங்குகிற பொருள் எவ்வளவு வலுவானது என்பதை வோல்ட் கணக்கில் சொல்வார்கள். குளோரின் வாயு 1.36, பெராக்சைடு 1.78, ஓசோன் 2.07. இவற்றுக்கெல்லாம் மேலே 2.8 வோல்ட்டில் ஒன்று உட்கார்ந்திருக்கிறது, அதன் பெயர் ஹைட்ராக்சில் ரேடிகல்.

பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். ஒரு ஆக்சிஜன், ஒரு ஹைட்ரஜன், இவ்வளவுதான் அதில் இருப்பது. பெராக்சைடு மூலக்கூறை நடுவில் சரிபாதியாகப் பிளந்தால் இரண்டு கிடைக்கும். விஷயம் என்னவென்றால், எலக்ட்ரான்கள் ஜோடியாக இருப்பதையே விரும்பும், இதில் ஒன்று ஜோடியில்லாமல் நிற்கிறது. அந்த ஜோடிக்காகப் பக்கத்தில் எது வந்தாலும் அதைத் தாக்கும். கரிமப் பொருளிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கித் தண்ணீராக மாறும், அல்லது பென்சீன் வளையத்தில் போய் ஒட்டிக்கொண்டு அந்த வளையத்தைத் திறக்க வழி செய்யும், அல்லது நேராக எலக்ட்ரானையே எடுத்துக்கொள்ளும். எது சாயம், எது பூச்சிமருந்து, எது எண்ணெய் என்ற பேதமெல்லாம் அதற்குக் கிடையாது. இந்தப் பேதமில்லாமைதான் அதன் பெரிய பலம், பின்னால் பார்க்கப் போகிற பெரிய பலவீனமும் அதுவே.

இன்னொன்றும் முக்கியம். சாயக்கழிவு போன்ற நீரில் இந்தத் துகள் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரம்கூட உயிரோடு இருக்காது. அதனால் கேனில் அடைத்து விற்க முடியாது. தேவைப்படும் இடத்திலேயே, தேவைப்படும் நேரத்திலேயே உண்டாக்க வேண்டும். மேம்பட்ட ஆக்சிஜனேற்ற முறைகள் என்று பெரிதாகப் பேசப்படுகிற எல்லாமே அடிப்படையில் இதை எந்த வழியில் உண்டாக்குவது என்பதில்தான் வேறுபடுகின்றன. வில்லியம் கிளேஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவும் 1987இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் இவற்றையெல்லாம் ஒரே குடும்பமாகப் பார்க்கிற வழக்கம் பரவியது.

ஃபென்டன்: அன்னபேதியும் பெராக்சைடும்

குடும்பத்தில் மூத்தது ஃபென்டன் வினை. நம் ஊர்ச் சூழலுக்கு இதைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து, அதனால் இங்கே கொஞ்சம் அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

ஹென்றி ஃபென்டன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் 1894இல் ஒரு கட்டுரை எழுதினார். புளியில் நிறைய இருக்கிற டார்டாரிக் அமிலத்தில் கொஞ்சம் இரும்பு உப்பையும் பெராக்சைடையும் சேர்த்தால் அந்த அமிலம் ஆக்சிஜனேற்றம் அடைகிறது என்று அதில் காட்டினார். பெராக்சைடு தனியாகச் செய்யாத வேலையை இரும்பு சேர்ந்ததும் செய்கிறது. ஏன் என்பதற்கு நாற்பது வருடம் கழித்து 1934இல் ஃபிரிட்ஸ் ஹேபர், ஜோசப் வைஸ் என்ற வேதியியலாளர்கள் விளக்கம் சொன்னார்கள். ஃபெரஸ் நிலையில் இருக்கும் இரும்பு பெராக்சைடுக்கு ஒரு எலக்ட்ரானைக் கொடுக்கிறது, பெராக்சைடு உடைந்து ஒரு ஹைட்ராக்சில் ரேடிகலும் ஒரு ஹைட்ராக்சைடு அயனியும் ஆகிறது, இரும்பு ஃபெரிக் நிலைக்கு மாறுகிறது. அந்த ஃபெரிக் இரும்பு இன்னொரு பெராக்சைடோடு வினைபுரிந்து மறுபடி ஃபெரஸாக மாறலாம், ஆனால் அது ரொம்ப மெதுவாக நடக்கும். துணியில் விழுந்த ஓட்டையும் இதே கதைதான்: துருவில் இருக்கும் இரும்பு அங்கேயே ரேடிகலை உண்டாக்க, அது பருத்தியின் செல்லுலோஸ் சங்கிலியை வெட்டிவிடுகிறது.

செய்முறை எப்படி? கழிவுநீரின் பி.ஹெச். அளவை, அதாவது அமிலமா காரமா என்று காட்டும் எண்ணை, அமிலம் விட்டு 3 வாக்கில் கொண்டுவருவார்கள். பிறகு ஃபெரஸ் சல்பேட், அதாவது நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டு வாங்குகிற அதே உப்பு. அது கரைந்த பிறகு பெராக்சைடை மெதுவாக, கலக்கிக்கொண்டே விட வேண்டும். அரை மணி முதல் ஒரு சில மணி நேரம். அப்புறம் சுண்ணாம்போ காஸ்டிக் சோடாவோ போட்டு பி.ஹெச்.சை மேலே ஏற்றினால் இரும்பெல்லாம் பழுப்பு நிறக் கசடாகத் திரண்டு அடியில் இறங்கும்.

பி.ஹெச். ஏன் 3? அதற்கு மேலே 4ஐத் தாண்டிவிட்டால் ஃபெரிக் இரும்பு கரைசலில் நிற்காமல் கசடாகப் போய்விடும், வேலை செய்ய ஆளில்லை. 2க்குக் கீழே போனாலும் வினை மந்தமாகிவிடும். அதோடு, அமில நிலையில் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் கார்பன் டை ஆக்சைடாகி வெளியேறிவிடும். ரேடிகலை வீணாகத் தின்னும் இரண்டு முக்கியமான பொருட்கள் அப்படியே ஒழிகின்றன. இது ஒரு நல்ல லாபம், பலர் இதைக் கவனிப்பதில்லை.

இப்போது கணக்குக்கு வருவோம், ஏனென்றால் ஆசையைக் கட்டுப்படுத்துவது கணக்குதான். கழிவின் அளவை சி.ஓ.டி. என்று அளப்பார்கள்: அதிலிருக்கும் பொருளையெல்லாம் ஆக்சிஜனேற்றம் செய்ய எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற கணக்கு. 34 கிராம் பெராக்சைடு 16 கிராம் ஆக்சிஜன் தரும். அப்படியென்றால் 1 கிலோ சி.ஓ.டி.யை முழுதாக எரிக்க, தாளில் போடும் கணக்குப்படியே, 2.125 கிலோ சுத்தப் பெராக்சைடு வேண்டும். ஒரு நாளைக்கு 10 லட்சம் லிட்டர் கழிவுநீர், லிட்டருக்கு 200 மில்லிகிராம் சி.ஓ.டி. என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 200 கிலோ சி.ஓ.டி., அதற்கு 425 கிலோ பெராக்சைடு, சந்தையில் கிடைக்கும் 50 சதவீதச் சரக்கில் 850 கிலோ. தினமும். இதே தண்ணீரின் சி.ஓ.டி. 3,000 ஆக இருந்தால் கிட்டத்தட்ட 13 டன். யாராலும் கட்டுப்படியாகாது. ஆகவே பாக்டீரியா தின்னக்கூடிய அழுக்கை பாக்டீரியாவிடமே விட்டுவிட்டு, அவற்றால் முடியாத கடைசிப் பகுதிக்கு மட்டும் இதைக் கொண்டுவர வேண்டும். அல்லது இதற்கு நேர் எதிரான வழி: முழுதாக எரிக்காமல், பெரிய மூலக்கூறைப் பாதி உடைத்து, பாக்டீரியா தின்னும் பதத்துக்குக் கொண்டுவந்து அவற்றிடம் ஒப்படைக்க வேண்டும். இரண்டுமே புத்திசாலித்தனம். எல்லாவற்றையும் பெராக்சைடாலேயே முடித்துவிடலாம் என்பது காசைத் தண்ணீரில் கரைப்பது.

இரும்புக் கணக்கும் உண்டு. பெராக்சைடின் எடையில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்கு வரை இரும்பு போடுவது வழக்கம். மேலே சொன்ன 425 கிலோவுக்குக் குறைந்த பங்கை எடுத்தாலும் 42 கிலோ இரும்பு. அன்னபேதியில் இரும்பு ஐந்தில் ஒரு பங்குதான், ஆக 210 கிலோ அன்னபேதி. அது கசடாகும்போது ஈரத்தைச் சேர்க்காமலேயே சுமார் 80 கிலோ. இந்தக் கசடை எங்கே கொண்டு போவது என்பதற்குப் பதில் வைத்துக்கொள்ளாமல் ஃபென்டன் தொட்டி கட்டக் கூடாது. அமிலம், சுண்ணாம்பு, சல்பேட் எல்லாம் சேர்வதால் தண்ணீரின் உப்பளவு கூடுவதையும் மறக்கக் கூடாது. சாயக்கழிவு பெரும்பாலும் காரமாக இருக்கும் என்பதால் 3க்கு இறக்கவே நிறைய அமிலம் செலவாகும்.

அதிகம் போட்டால் அதிக வேலை நடக்கும் என்பதும் இங்கே சரிவராது. பெராக்சைடு அளவுக்கு மீறினால் ரேடிகல் கழிவை விட்டுவிட்டு பெராக்சைடையே தாக்கத் தொடங்கும். இரும்பு மீறினாலும் அதுவே கதை. சரியான அளவை உங்கள் தண்ணீரில், குடுவையில் வைத்துச் சோதித்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

சோதிக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. வினை முடிந்தும் மிச்சமிருக்கும் பெராக்சைடு சி.ஓ.டி. சோதனையில் கழிவு மாதிரியே கணக்கில் ஏறும், ஏனென்றால் அந்தச் சோதனையில் போடும் டைக்ரோமேட் பெராக்சைடையும் ஆக்சிஜனேற்றம் செய்துவிடுகிறது. லிட்டருக்கு 100 மில்லிகிராம் பெராக்சைடு மிஞ்சியிருந்தால் ஏறக்குறைய 47 மில்லிகிராம் சி.ஓ.டி. பொய்யாகக் கூடும். நன்றாக வேலை செய்த ஒரு முறையை 'இது ஆகாது' என்று தூக்கிப் போட வைக்க இது போதும். அளப்பதற்கு முன் பெராக்சைடை ஒழித்துவிட வேண்டும். சாயமேற்றுவதற்கு முன் துணியில் இருக்கிற பெராக்சைடைக் கொல்லப் பட்டறைகளில் போடுகிற கேட்டலேஸ் என்சைம் இதற்கும் உதவும்.

பாதுகாப்பைப் பற்றி ஒரு வார்த்தை, இதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 50 சதவீதப் பெராக்சைடு தோலைப் பொசுக்கும், கண்ணில் பட்டால் பார்வை போகலாம். இரும்பு அல்லது துரு அதில் கலந்தால் வேகமாகச் சிதைந்து சூடும் ஆக்சிஜனும் வெளியேறும். மூடிய பாத்திரமானால் வெடிக்கும். இரும்பு டிரம்மில் சேமிக்கக் கூடாது. மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொட்டக் கூடாது. வீட்டில் செய்து பார்க்கிற விஷயமே இல்லை.

மற்ற வழிகள்

ஓசோன் அடுத்தது. ஆக்சிஜன் வாயுவுக்குள் உயர் மின்னழுத்தத்தைப் பாய்ச்சினால் ஓசோன் உண்டாகும், அதைக் குமிழிகளாகத் தண்ணீருக்குள் விடுவார்கள். குடிநீருக்கு இதைப் பயன்படுத்துவது புதிதல்ல, பிரான்ஸின் நீஸ் நகரில் 1906இலேயே தொடங்கிவிட்டார்கள். ஓசோன் இரண்டு விதமாக வேலை செய்யும்: தானே நேராகப் போய்த் தாக்குவது ஒன்று, கார நிலையில் சிதைந்து ஹைட்ராக்சில் ரேடிகலாக மாறித் தாக்குவது இன்னொன்று. நேரடித் தாக்குதலில் அது பேதம் பார்க்கும், இரட்டைப் பிணைப்புகளைத் தேடிப் போகும். பெரும்பாலான துணிச் சாயங்களில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பில் சேர்ந்திருக்கும் அசோ என்ற பகுதிதான் நிறத்தைக் கொடுப்பது. ஓசோன் அங்கேயே கை வைப்பதால் நிறம் சில நிமிடங்களில் போய்விடும், பார்க்கவே ஆச்சரியமாக இருக்கும். கசடு கிடையாது, தண்ணீரில் உப்பும் ஏறாது. விலை மின்சாரத்தில் இருக்கிறது: ஆக்சிஜனிலிருந்து ஒரு கிலோ ஓசோன் எடுக்க ஏறக்குறைய 10 யூனிட் ஆகும். கடலோரத்து நீர் மாதிரி புரோமைடு இருக்கும் தண்ணீரில் ஓசோன் விட்டால் புரோமேட் உண்டாகும். குடிநீரில் அது லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்.

மருந்து மிச்சங்களுக்கு ஓசோனை நாடு தழுவிய அளவில் கையில் எடுத்தது சுவிட்சர்லாந்து. சூரிச் அருகே டூபென்டார்ஃபில் இருக்கும் நொய்குட் நிலையத்தில் 2014இல் முழு அளவில் தொடங்கினார்கள். 2016இல் அமலுக்கு வந்த விதிப்படி, தேர்ந்தெடுத்த சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையங்கள் குறிப்பிட்ட சில அடையாளப் பொருட்களில் 80 சதவீதத்தை நீக்கியாக வேண்டும், ஓசோனாலோ கரியாலோ. ஓசோனுக்குப் பிறகு ஒரு மணல் வடிகட்டியை வைத்து, பாதி உடைந்த துண்டுகளை அதில் வாழும் பாக்டீரியாவிடம் கொடுக்கிறார்கள். அந்தக் கடைசிப் படியை நம் ஆட்களும் அவசியம் கவனிக்க வேண்டும்.

தெளிந்த தண்ணீராக இருந்தால் புற ஊதா விளக்கும் பெராக்சைடும் போதும். 254 நானோமீட்டர் ஒளி பெராக்சைடை நடுவில் பிளந்துவிடும், இரும்பும் வேண்டாம், கசடும் இல்லை. கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுன்டியில் 2008 முதல் சாக்கடை நீரை நுண்வடிகட்டி, ஆர்.ஓ., அதன்பின் புற ஊதாவும் பெராக்சைடும் என்ற வரிசையில் சுத்தம் செய்து நிலத்தடியில் இறக்கிக் குடிநீருக்கு ஆதாரமாக்குகிறார்கள். ஆர்.ஓ. சவ்வையும் நழுவிக் கடக்கிற டையாக்சேன் போன்ற சின்ன மூலக்கூறுகளுக்குத்தான் அந்தக் கடைசிக் கட்டம். ஆனால் சாயம் கலந்த தண்ணீரில் இது எடுபடாது. ஒளியைச் சாயமே குடித்துவிடும், பெராக்சைடு வரை போய்ச் சேராது.

டைட்டானியம் டை ஆக்சைடு, அதாவது வெள்ளை பெயின்ட்டில் இருக்கும் பொடி, அதன்மேல் ஒளி பட்டாலும் ரேடிகல் உண்டாகும். ஃபுஜிஷிமா, ஹோண்டா என்ற ஜப்பானிய ஆய்வாளர்கள் 1972இல் இந்தப் பொருளின்மேல் ஒளியைப் பாய்ச்சித் தண்ணீரைப் பிரித்துக் காட்டியதிலிருந்து இந்தத் துறை வளர்ந்தது. கல்லூரிகளில் இதைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் மலைபோலக் குவிந்திருக்கின்றன. கவலை தரும் விஷயம், பலவற்றில் காய்ச்சி வடித்த நீரில் மெத்திலீன் நீலத்தைக் கரைத்து, நிறம் போவதை மட்டும் அளந்து முடித்துவிடுகிறார்கள். அந்தப் பொடிக்கு 387 நானோமீட்டருக்குக் குறைவான ஒளி வேண்டும், சூரிய ஒளியில் புற ஊதா சுமார் 5 சதவீதம்தான். பொடியைத் தண்ணீரிலிருந்து திரும்பப் பிரித்தெடுப்பது தனி வேலை. நிஜமான கழிவுநீர்த் தொட்டியில் இது இன்னும் பெரிய அளவில் கால் ஊன்றவில்லை.

எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சித் தண்ணீர் மூலக்கூறையே உடைத்து ரேடிகல் எடுக்கும் வழியும் உண்டு. தென்கொரியாவின் டேகு சாயத் தொழிற்பேட்டையில் 2005இல் நாளுக்கு 1 கோடி லிட்டர் கொள்ளளவில் அப்படி ஒரு நிலையம் அமைத்தார்கள். பெர்சல்பேட்டிலிருந்து சல்பேட் ரேடிகல் எடுப்பது, மின்முனைகளில் நேராக ஆக்சிஜனேற்றம் செய்வது என்று இன்னும் சில கிளைகள் இருக்கின்றன. அடிப்படை ஒன்றே என்பதால் தாண்டிப் போகிறேன்.

பிளீச்சிங் பவுடர் அல்லது ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்) போட்டு நிறத்தை எடுப்பதைத் தயவுசெய்து இந்தக் குடும்பத்தில் சேர்க்க வேண்டாம். அது விலை குறைவு, கண்ணெதிரே நிறம் போகும், உண்மைதான். ஆனால் குளோரின் கரிமப் பொருளோடு சேர்ந்து குளோரோஃபார்ம் போன்றவற்றை உண்டாக்கும். கண்ணுக்குத் தெரிந்த ஒரு கழிவைக் கண்ணுக்குத் தெரியாத, சில நேரம் அதைவிட மோசமான கழிவாக மாற்றுவதில் யாருக்கு என்ன நன்மை?

நிறம் போனது, கழிவு போனதா?

என்னைக் கேட்டால் இந்தத் துறையில் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டிய மிக முக்கியமான விஷயம் இதுதான். சாய மூலக்கூறில் நிறத்தைக் கொடுக்கும் பகுதி சின்னது. அதை வெட்டினால் தண்ணீர் தெளிவாகிவிடும், ஆனால் மூலக்கூறின் மற்ற துண்டுகள் அப்படியே நீந்திக்கொண்டிருக்கும். ஆக்சிஜன் இல்லாத தொட்டியில் பாக்டீரியாவே அசோ பிணைப்பை வெட்டும், அப்போது கிடைப்பவை அரோமாட்டிக் அமீன்கள், அவற்றில் சில புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை, நிறமோ கிடையாது. ஆக்சிஜனேற்றத்தில் வளையம் திறந்து, துண்டுகள் சிறுத்து, கடைசியில் ஆக்சாலிக், அசிட்டிக், ஃபார்மிக் அமிலங்களாகி, அப்புறம்தான் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும். இதில் ஆக்சாலிக்கும் அசிட்டிக்கும் ரேடிகலுக்கே எளிதில் மசியாதவை. அவற்றைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம், பாக்டீரியா சாப்பிட்டுவிடும். நடுவில் நின்றுபோன துண்டுகள்தான் ஆபத்து. ஆகவே ஒருவர் கண்ணாடிக் குடுவையைத் தூக்கிக் காட்டி 'பாருங்கள், பன்னீர் மாதிரி ஆகிவிட்டது' என்றால், சி.ஓ.டி. எவ்வளவு குறைந்தது, மொத்தக் கரிமக் கார்பன் எவ்வளவு குறைந்தது, மீன்குஞ்சு அதில் பிழைக்குமா என்று கேளுங்கள். நிறம் 95 சதவீதம் போயிருக்கும், சி.ஓ.டி. கால்வாசிகூடக் குறைந்திருக்காது, ஓசோனில் இது ரொம்ப சகஜம்.

ரேடிகலின் பேதமில்லாமை இங்கேதான் நமக்கு எதிராகத் திரும்புகிறது. கழிவுநீரில் சாயம் மட்டும் இல்லையே. பைகார்பனேட் இருக்கிறது, குளோரைடு இருக்கிறது, சோப்பு இருக்கிறது. ரியாக்டிவ் சாயத்தைத் துணியில் ஏற்ற லிட்டருக்குப் பல பத்துக் கிராம் உப்பு போடுகிறார்கள், அத்தனையும் தொட்டிக்கு வருகிறது. அமில நிலையில் குளோரைடு ரேடிகலைப் பிடித்து அதைவிட வலுக்குறைந்த குளோரின் வகைகளாக மாற்றிவிடும், அவை கரிமப் பொருளில் போய் ஒட்டும் வாய்ப்பும் இருக்கிறது. ஆய்வகத்தில் 90 சதவீதம் காட்டிய முறை பட்டறைத் தண்ணீரில் படுத்துவிடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

முடியாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். ஒட்டாத தோசைக்கல் பூச்சு தயாரிப்பிலும் தீயணைப்பு நுரையிலும் பயன்பட்ட, ஃபுளோரின் நிறைந்த வேதிப்பொருட்களை ஹைட்ராக்சில் ரேடிகலாலும் உடைக்க முடிவதில்லை, கார்பனுக்கும் ஃபுளோரினுக்கும் நடுவே இருக்கும் பிணைப்பு அவ்வளவு உறுதி. ஈயம், குரோமியம் போன்ற உலோகங்களை எந்த ஆக்சிஜனேற்றமும் அழிக்காது. மூன்று இணைதிறன் உள்ள குரோமியத்தை ஆக்சிஜனேற்றினால் ஆறாக மாறி இன்னும் விஷமாகும், தோல் பதனிடும் கழிவோடு வேலை செய்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

உப்பையும் அது தொடாது. திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றின் கதையைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து தேங்கியது, கிணறுகள் உப்பாயின, ஆயக்கட்டு விவசாயிகளே நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் விதிகளை நிறைவேற்றாத சாய ஆலைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. அந்த வயல்களைக் கெடுத்ததில் நிறத்தைவிட உப்புக்குத்தான் பெரிய பங்கு. நிறத்தை மட்டும் எடுத்துவிட்டு ஆற்றில் விட்டிருந்தாலும் தென்னை பட்டுப்போயிருக்கும். அதனால்தான் ஒரு சொட்டுகூட வெளியே விடாத ஏற்பாட்டுக்குப் போக வேண்டியிருந்தது: பாக்டீரியாத் தொட்டி, வடிகட்டிகள், ஆர்.ஓ., கடைசியில் ஆவியாக்கிகள்.

அந்த வரிசையில் ஆக்சிஜனேற்றத்துக்கு எங்கே இடம் என்பதுதான் நடைமுறைக் கேள்வி. பாக்டீரியாத் தொட்டிக்குப் பிறகு, ஆர்.ஓ.வுக்கு முன்னால் வைத்தால் சவ்வில் படியும் கரிமப் பொருள் குறையும்; சவ்வு அடைத்துக்கொண்டு அடிக்கடி கழுவ வேண்டிய தொல்லை மிச்சம். ஆனால் மிஞ்சிய ஓசோனோ பெராக்சைடோ சவ்வுக்குப் போய்ச் சேர்ந்தால் சவ்வே அரித்துப்போகும், நடுவில் அதை ஒழிக்கும் படி கட்டாயம் வேண்டும். இன்னொரு இடம் ஆர்.ஓ. ரிஜெக்ட். எனக்கு இதில்தான் அதிக நம்பிக்கை. அளவு சிறியது, கழிவு கெட்டி. அந்த உப்புநீரையும் உப்பையும் மறுபடி சாயமேற்றப் பயன்படுத்தலாம், ஆனால் பழைய சாயத்தின் நிறம் அதில் ஒட்டியிருந்தால் எந்த டையிங் மாஸ்டரும் வெளிர் நிறத்துக்கு அதைத் தொடமாட்டார். பயன்படாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் குவிவதும் ஒரு கழிவுதான். இவ்வளவு உப்பு இருக்கும் தண்ணீரில் ரேடிகலை நம்பினால் குளோரைடே அதைத் தின்றுவிடும் என்று மேலே பார்த்தோம். ஓசோன் மூலக்கூறோ தானே நேராகப் போய் அசோ பிணைப்பைத் தாக்கும், உப்பு அதற்கு அவ்வளவாகக் குறுக்கே நிற்பதில்லை. அங்கே நிறத்தை எடுப்பது மட்டுமே வேலை என்றால், தண்ணீரும் ஆற்றுக்குப் போகாமல் மறுபடி சாயத் தொட்டிக்கே போகிறது என்றால், நிறத்தை மட்டும் எடுக்கும் முறையும் சரியான முறைதான். அந்த உப்புநீரை இரண்டு குடுவைகளில் எடுத்து, ஒன்றில் ஓசோனும் மற்றொன்றில் ஃபென்டனும் நடத்திப் பார்த்து, இரண்டிலும் கிடைத்த உப்பைக் கொண்டு ஒரு வெளிர் மஞ்சள் துணியைச் சாயமேற்றிப் பாருங்கள். எதை வாங்குவது என்பதை அந்தத் துணியைப் பார்த்தே முடிவு செய்துவிடலாம்.